ஸ்பாட்டிங் ஸ்கோப்புக்குப் பயண ட்ரைபாட்: எடையை எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கக் கூடாது

ஸ்பாட்டிங் ஸ்கோப்புக்கு, அதாவது தூரத்துப் பறவையைப் பார்க்கும் ஒற்றைக்குழல் தொலைநோக்கிக்கு, எடை குறைந்த ட்ரைபாட் (முக்காலி) தேடுபவர்கள் முதலில் பார்ப்பது கிராம் கணக்கைத்தான். நான் பார்க்கச் சொல்வது, அந்த எடை எங்கிருந்து குறைந்தது என்பதை. உயரத்தைக் குறைத்ததால் எடை குறைந்திருந்தால் தாராளமாக வாங்கலாம். கால் குழாய்களை மெலிய வைத்தோ ஹெட்டை (ஸ்கோப்பைத் தாங்கித் திருப்பும் மேல்பகுதி) சின்னதாக்கியோ குறைத்திருந்தால் அது கேமராவுக்கு வேண்டுமானால் சரிப்படும், ஸ்கோப்புக்குச் சரிப்படாது.

நான் அதிகம் பார்ப்பது கரைப்பறவைகள்: உள்ளான், உப்புக்கொத்தி, மூக்கன், பச்சைக்காலி. சேற்றுப்பரப்பில் வெகுதூரத்தில் மேயும் ஒரு கொசு உள்ளானின் கால் கறுப்பா, மஞ்சள் கலந்த பச்சையா என்பதை வைத்துத்தான் அது எந்த இனம் என்று முடிவு செய்ய வேண்டியிருக்கும். சில பறவைகளின் காலில் ஆராய்ச்சியாளர்கள் மாட்டிய நிறக்கொடி இருக்கும். அதிலுள்ள இரண்டு மூன்று எழுத்துகளைப் படித்துவிட்டால் அந்தப் பறவை எங்கே பிடித்து வளையமிடப்பட்டது என்பது வரை தெரிந்துகொள்ளலாம். ஆனால் எழுத்தைப் படிக்க, படம் கொஞ்ச நேரமாவது அசையாமல் நிற்க வேண்டும். இத்தனை விலை கொடுத்து வாங்கிய கண்ணாடி, கீழே இருக்கும் மூன்று குச்சிகளால் வீணாவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு பொறுப்பதில்லை.

கணக்கு எளிதுதான். ஸ்கோப் பறவையை 60 மடங்கு பெரிதாக்கினால் ஆட்டத்தையும் 60 மடங்கு பெரிதாக்கும். ட்ரைபாட் ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு ஆடினால் கண்ணுக்கு அது ஒரு முழு டிகிரி. முழுநிலவு வானத்தில் தெரிவது சுமார் அரை டிகிரி அகலத்தில். அப்படியென்றால் பறவை இரண்டு நிலவு அகலத்துக்குத் துள்ளும். 60 மடங்கில் ஸ்கோப்புக்குள் அடங்கும் நிஜப் பரப்பும், பெரிதாக்குவதற்கு முந்தைய அளவில், ஒரு டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். 100 மீட்டர் தூரத்தில் அது இரண்டு மீட்டருக்கும் குறைவு.

கேமராக்காரர்களின் பரிந்துரையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்வதும் இதனால்தான். அவர்கள் டைமரைப் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிடலாம், ஷட்டர் வேகத்தைக் கூட்டி ஆட்டத்தை மறைக்கலாம். நமக்கு அந்த வசதி இல்லை. முகம் கண் வைக்கும் ஐபீஸில், ஒரு கை ஃபோகஸில், இன்னொரு கை ஹெட்டின் பிடியில் என்று எந்நேரமும் அதைத் தொட்டுக்கொண்டேதான் இருப்போம்.

முதலில் ஸ்கோப், அப்புறம்தான் ட்ரைபாட்

உங்களிடம் இருக்கும் ஸ்கோப்பை ஐபீஸோடு சேர்த்து எடை போட்டுப் பாருங்கள். 50 மி.மீ. முன்கண்ணாடி உள்ளவை பெரும்பாலும் ஒரு கிலோவுக்குள் வந்துவிடும். 65 மி.மீ. என்றால் ஒன்றே கால் கிலோவிலிருந்து ஒன்றரை கிலோ. 80, 85 மி.மீ. ஸ்கோப்கள் இரண்டு கிலோவை ஒட்டி வரும். ஸ்கோப் பெரிதாகும்போது ட்ரைபாட்டும் ஹெட்டும் சேர்ந்தே பெரிதாக வேண்டும் என்பதால், முன்கண்ணாடியில் 15 மி.மீ. குறைத்தால் முதுகில் ஏறும் மொத்தச் சுமையில் ஒரு கிலோவுக்கு மேலேயே குறையலாம். இன்னும் ஸ்கோப் வாங்கவில்லை, நடந்துதான் அதிகம் போவீர்கள் என்றால் 65 மி.மீ. போதும். விடியலிலும் அந்தியிலும் பெரிய கண்ணாடியின் வெளிச்சம் கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் கனம் என்று வீட்டிலேயே விட்டுவந்த ஸ்கோப்பால் யாருக்கும் பயனில்லை.

அடுத்தது ஸ்ட்ரெய்ட்டா, ஆங்கிள்டா என்பது. ஸ்ட்ரெய்ட் ஸ்கோப்பில் ஐபீஸ் குழாயின் நேர்கோட்டிலேயே இருக்கும். ஆங்கிள்டில் அது 45 டிகிரி மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். பயணத்துக்கு நான் ஆங்கிள்டையே சொல்வேன், காரணம் ட்ரைபாட்தான். ஸ்ட்ரெய்ட் ஸ்கோப்பைக் கண் மட்டத்துக்கே உயர்த்தியாக வேண்டும். மரத்து உச்சியில் இருப்பதைப் பார்க்க இன்னும் உயர்த்த வேண்டும். ஆங்கிள்டைத் தோள்பட்டை உயரத்தில் வைத்துக்கொண்டு தலையைக் கொஞ்சம் குனிந்து பார்த்தால் போதும். அந்த உயர வித்தியாசம் அப்படியே கால் நீளத்தில் குறைகிறது. கால் குட்டையானால் எடையும் குறையும், ஆட்டமும் குறையும். ஒரே நேரத்தில் இரண்டும் கிடைக்கும் இடம் ட்ரைபாட் விஷயத்தில் அபூர்வம்.

காரிலிருந்தே பார்ப்பவர்களுக்கு ஸ்ட்ரெய்ட் வசதி என்பது உண்மை. பறவையை நேராகக் குறிவைத்துப் பிடிப்பதும் அதில் சுலபம். ஆங்கிள்டில் அது பழக்கத்தில் வந்துவிடும்.

உங்களுக்கு எவ்வளவு உயரம் வேண்டும்

இதை வாங்குவதற்கு முன் வீட்டிலேயே அளந்துவிடலாம். ஷூ போட்டுக்கொண்டு நிமிர்ந்து நில்லுங்கள். ஆங்கிள்டு ஸ்கோப் என்றால் தரையிலிருந்து தோளுக்கும் முகவாய்க்கும் இடைப்பட்ட உயரத்தை அளந்துகொள்ளுங்கள்; ஐபீஸ் அங்கே வர வேண்டும். அதிலிருந்து ஸ்கோப்பின் பாதத்துக்கும் (ஹெட்டில் மாட்டும் அடிப்பகுதி) ஐபீஸ் நுனிக்கும் உள்ள உயரத்தைக் கழியுங்கள். ஹெட்டின் உயரத்தையும் கழியுங்கள். வழவழப்பாகத் திரும்பும் சிறிய ஃப்ளூயிட் ஹெட் என்றால் பத்து செ.மீ. வரை இருக்கும். மீதி வருவதுதான், நடுத்தண்டை (கால்களுக்கு நடுவே மேலும் கீழும் நகரும் தண்டு) உயர்த்தாமல் கால்கள் மட்டும் தர வேண்டிய உயரம். சரிவிலும் மேட்டிலும் நிற்கும்போது ஒரு காலை நீட்ட வேண்டியிருக்கும் என்பதால் மேலே பத்து செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள்.

என் உயரம் 155 செ.மீ. என் ஸ்கோப் 65 மி.மீ. ஆங்கிள்டு. கணக்குப் போட்டால் எனக்கு 120 செ.மீ. கால்கள் தாராளம். இதே உயரமுள்ள ஒருவர் ஸ்ட்ரெய்ட் ஸ்கோப் வைத்திருந்தால் 135 செ.மீ. தேவைப்படும். என்னோடு வரும் அக்கா மகன் ஆறடிக்காரன். அவனும் என் ஸ்கோப்பிலேயே பார்க்கிறான். என் உயரத்துக்கு வைத்துவிட்டால் அவன் குனிந்துகொள்வான். ஆங்கிள்டில் அது முடியும். பல உயரக்காரர்கள் சேர்ந்து பார்க்கும் குழுவில் எப்போதும் குட்டையானவருக்கு ஏற்றபடி வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பெட்டியில் பெரிய எழுத்தில் போடும் அதிகபட்ச உயரம், நடுத்தண்டை முழுக்கத் தூக்கி அளந்ததாக இருக்கும். உங்களுக்கு வேண்டியது தண்டை இறக்கிய நிலையில் உள்ள உயரம். விவரப் பட்டியலில் கீழே தேடினால் அது கிடைக்கும். அதைச் சொல்லவே சொல்லாத ட்ரைபாட்டை நான் ஒதுக்கிவிடுவேன். எடையும் ஹெட்டோடு சேர்த்தா, இல்லாமலா என்று பாருங்கள்.

நடுத்தண்டைத் தூக்கினால் மூன்று கால் நிலைப்பு போய், ஒற்றைக் கம்பியின் நுனியில் ஸ்கோப் உட்கார்ந்திருக்கும். அவசரத்துக்குச் சில செ.மீ. உயர்த்தலாம், அவ்வளவுதான். தண்டே இல்லாத அல்லது குட்டைத்தண்டு போட்ட மாதிரி கிடைத்தால் அதையே வாங்குங்கள். எடையும் கொஞ்சம் மிச்சம்.

கால்கள்

இங்கேதான் விற்பவர்கள் எடையைத் திருடும் இடம் இருக்கிறது, அது கடைசித் துண்டு. காலின் ஒவ்வொரு துண்டும் மேலே உள்ள துண்டுக்குள் நுழைய வேண்டும் என்பதால் துண்டுக்குத் துண்டு சுமார் 3 மி.மீ. மெலிந்துகொண்டே போகும். மேல்துண்டு 25 மி.மீ. என்றால் நான்காவது 16 மி.மீ. வரும், ஐந்தாவது 13 மி.மீ. ஒரே தடிமன் சுவருள்ள மெல்லிய குழாயின் விறைப்பு விட்டத்தின் மும்மடியை ஒட்டி மாறும். 16-லிருந்து 13-க்கு இறங்கினால் விறைப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். மேல்துண்டே 22 மி.மீ. உள்ள ஐந்து துண்டு ட்ரைபாட்டில் கடைசித் துண்டு 10 மி.மீ.தான், 16 மி.மீ. குழாயின் விறைப்பில் கால் பங்குதான் அதற்கு மிஞ்சும். மொத்த ட்ரைபாட்டும் அந்தக் கால் பங்கின் மேல்தான் நிற்கிறது.

அதனால் என் தேர்வு நான்கு துண்டு. 65 மி.மீ. ஸ்கோப்புக்கு மேல்துண்டு 25 மி.மீ. இருக்கட்டும், 80-க்கு மேலான ஸ்கோப்புக்கு 28 மி.மீ. மூன்று துண்டு ட்ரைபாட் இன்னும் உறுதி, விரிப்பதும் சீக்கிரம். ஆனால் மடித்தாலும் நீளமாக இருக்கும், பெட்டிக்குள் அடங்காது. ஐந்து துண்டைக் கையில் எடுக்க வேண்டிய கட்டாயம் வந்தால் கடைசித் துண்டை இழுக்காமலேயே உங்களுக்கு வேண்டிய உயரம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் வாங்கலாம்.

கார்பன் ஃபைபரா, அலுமினியமா? பயணத்துக்குக் கார்பன். எடை குறைவு, அதிர்வு சீக்கிரம் அடங்கும், குளிரில் கையை உறையவைக்காது, உப்புக்காற்றில் அரிக்காது. பக்கவாட்டில் கூர்மையாக அடி பட்டால் விரிசல் விடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கையில் பணம் குறைவாக இருந்தால் மெல்லிய கார்பனை வாங்காமல் நல்ல தடிமனான அலுமினியத்தை வாங்குங்கள். கொஞ்சம் கனத்தாலும் அது நேர்மையான ட்ரைபாட்.

துண்டுகளைப் பூட்டும் லாக் திருகும் வகையா, மடக்கும் வகையா என்பது அவரவர் கைப்பழக்கம். மடக்கும் லாக் பூட்டியிருக்கிறதா இல்லையா என்பது பார்த்தாலே தெரியும். திருகும் லாக் புதரிலும் பையிலும் மாட்டாது, மணல் புகுந்தால் கழற்றிக் கழுவலாம்.

எவ்வளவு எடை தாங்கும் என்று போட்டிருக்கும் எண்ணுக்கு ரொம்ப மதிப்புக் கொடுக்காதீர்கள். எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி சோதித்துச் சொல்லும் எண் இல்லை அது. எட்டு கிலோ தாங்கும் என்றால் உடையாது என்று பொருள் கொள்ளலாம், ஆடாது என்று பொருள் கொள்ள முடியாது.

ஹெட்

காலுக்கு இணையாக, சொல்லப்போனால் அதைவிட அதிகமாக, இதில் கவனம் வேண்டும். பயண ட்ரைபாட்களோடு சேர்த்துத் தருவது பெரும்பாலும் பால் ஹெட். ஒரே திருகைத் தளர்த்தினால் எல்லாப் பக்கமும் சாயும். ஸ்கோப் வைத்து நீர்க்கரையை இடமிருந்து வலமாக வருடிக்கொண்டே போக வேண்டிய நமக்கு அது தோதுப்படாது. தளர்த்தினால் பக்கவாட்டில் சரியும், இறுக்கினால் நகராது. ஸ்கோப்புக்கு வேண்டியது இரண்டே அசைவுகள்: இடம்-வலம், மேல்-கீழ். அதை வழவழப்பாக, ஒரே அளவு இழுவையோடு தருவது ஃப்ளூயிட் ஹெட். பால் ஹெட் இல்லாமல் கால்களை மட்டும் விற்றால் அப்படி வாங்கிக்கொண்டு ஹெட்டைத் தனியாகத் தேடுங்கள்.

ஸ்கோப்புக்கென்றே வரும் சிறிய ஃப்ளூயிட் ஹெட்கள் 500 கிராமிலிருந்து 700 கிராம் வரை இருக்கின்றன. 65 மி.மீ. ஸ்கோப்புக்கு அது போதும். அதைவிடக் குறைத்து மிச்சப்படுத்தப் பார்க்காதீர்கள். என்னுடையதில் கால்கள் 1.2 கிலோ, ஹெட் 600 கிராம், மொத்தம் 1.8 கிலோ. 65 மி.மீ. ஸ்கோப்புக்கு இதைவிடக் கீழே போனால் காற்றடிக்கும் நாளில் தெரிந்துவிடும். 85 மி.மீ. ஸ்கோப்காரர்கள் இரண்டரை கிலோவை ஒத்துக்கொள்வது நல்லது.

ஹெட்டைச் சோதிக்க ஒரு வழி: ஸ்கோப்பை ஏற்றி, அதிக உருப்பெருக்கத்தில் தூரத்துப் புள்ளி ஒன்றை நடுவில் கொண்டுவந்து, பிடியிலிருந்து கையை மெதுவாக எடுங்கள். புள்ளி நடுவிலேயே நிற்க வேண்டும். கையை எடுத்ததும் ஸ்கோப் சற்றுத் தொய்ந்து புள்ளி மேலே ஏறினால் அந்த ஹெட்டோடு காலம் முழுக்கச் சண்டை போட வேண்டியிருக்கும். எதிராகவும் நடக்கும். வீடியோ கேமராவுக்கென்று உள்ளே ஸ்பிரிங் வைத்த ஹெட்கள் உண்டு. அந்த ஸ்பிரிங் இரண்டு கிலோவுக்கு மேல் கனத்தைக் கணக்கில் வைத்துச் செய்திருந்தால், ஒன்றேகால் கிலோ ஸ்கோப்பை முன்னால் சாய்த்துவிட்டுக் கையெடுத்தவுடன் அது தானாக நிமிர்ந்துகொள்ளும். ஸ்பிரிங் விசையை மாற்ற முடிகிற ஹெட்டாக இல்லாவிட்டால் உங்கள் ஸ்கோப் எடைக்குப் பொருந்துகிறதா என்று ஏற்றிப் பார்த்தே வாங்குங்கள்.

ஸ்கோப்பை ஹெட்டோடு இணைக்கும் பிளேட் முன்னும் பின்னும் நகர வேண்டும். ஸ்கோப்பின் பாதம் எப்போதும் சரியாக எடை மையத்தில் இருக்காது. நகர்த்திச் சமன் செய்தால் இறுக்காமலேயே நிற்கும். போனை ஐபீஸில் மாட்டிப் படம் எடுப்பவர்கள் மாட்டிய நிலையிலேயே சமன் பாருங்கள், ஏனென்றால் பின்பக்கம் கனம் கூடிவிடும். பிளேட்டில் கால் அங்குலத் திருகோடு ஒரு சின்ன ஊசியும் இருந்தால் நல்லது. ஸ்கோப்பின் பாதத்தில் அதற்கான துளை இருந்தால் ஸ்கோப் பிளேட்டின் மேல் சுழன்றுபோகாது. சில ஸ்கோப்களின் பாதமே ஆர்க்கா-ஸ்விஸ் என்ற பரவலான பிளேட் வடிவில், 38 மி.மீ. அகலத்தில் வருகிறது. ஹெட்டின் கவ்வியும் அதே வகையாக இருந்தால் தனி பிளேட்டே வேண்டாம், ஒரு இணைப்பும் அதன் ஆட்டமும் மிச்சம்.

கடையில் செய்து பார்க்க வேண்டியவை

உங்கள் ஸ்கோப்பைக் கையோடு கொண்டு போங்கள். கால்களை முழுக்க விரித்து, மேல்தட்டை இரண்டு கையாலும் பிடித்து டப்பா மூடியைத் திருகுவதுபோல் திருப்பிப் பாருங்கள். கால்கள் முறுக்கிக்கொண்டு சுழன்றால் வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். பிறகு ஸ்கோப்பை ஏற்றி வாசலுக்குக் கொண்டுவந்து, தூரத்தில் உள்ள ஏதாவது ஒரு பலகையின் எழுத்தைப் பாருங்கள். 40 மடங்குக்கு மேல் வையுங்கள். ஐபீஸில் கண் வைத்துக்கொண்டே ஒரு காலை விரலால் லேசாகத் தட்டுங்கள். எழுத்து துள்ளும், துள்ளத்தான் செய்யும். எத்தனை நேரத்தில் அடங்குகிறது என்பதுதான் கேள்வி. ஒரு விநாடி என்றால் அருமை, இரண்டு பரவாயில்லை. மூன்று நான்கு என்று இழுத்தால் காற்றில் அது ஒருபோதும் அடங்காது.

அடுத்து ஃபோகஸைத் திருப்புங்கள். சாதாரணமாகத் திருப்பும் விசையிலேயே படம் ஆடி, எது கூர்மையான இடம் என்று பிடிபடாமல் போனால் அந்த ட்ரைபாட் உங்களுக்கு வேண்டாம். இது தட்டிப் பார்ப்பதைவிடக் கடுமையான சோதனை. பறவை பார்க்கும்போது விரல் அந்தத் திருகிலேதான் இருக்கும்.

வெயில் ஏறிய நேரத்தில் சோதித்தால் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். சூடான தரையிலிருந்து எழும் காற்று படத்தை நெளிய வைக்கும். அந்த நெளிவில் பலகையின் ஒரு எழுத்து ஒரு பக்கமும் பக்கத்து எழுத்து வேறு பக்கமும் அலையும், ஓரங்கள் கொதிப்பதுபோல் இருக்கும். ட்ரைபாட் ஆட்டத்தில் மொத்தப் படமும் ஒரே கட்டையாக நகரும். முதலாவதற்கு எந்த ட்ரைபாட்டும் மருந்தில்லை. உருப்பெருக்கத்தைக் குறைக்கலாம், அல்லது காலையில் வரலாம்.

களத்தில்

காற்று இருந்தால் முதலில் உயரத்தைக் குறையுங்கள். தடித்த மேல்துண்டுகளை நீட்டி, கடைசித் துண்டை உள்ளேயே விட்டு, தரையில் உட்கார்ந்து பாருங்கள். எடை குறைந்த ட்ரைபாட்டும் இப்படி வைத்தால் நன்றாக நிற்கும். பையை நடுக்கொக்கியில் மாட்டலாம், ஆனால் பையின் அடி தரையில் பட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்தரத்தில் தொங்கினால் அது ஊசலாடி ட்ரைபாட்டையும் ஆட்டும். ஸ்கோப் உறையின் தொங்கும் மடல்களைக் கட்டிவிடுங்கள். அவை படபடப்பதே 60 மடங்கில் தெரியும்.

சேற்றிலும் உப்புநீரிலும் இதற்கு நேர்மாறு. அங்கே கடைசித் துண்டை முதலில் முழுக்க இழுத்து, உயரம் போதாவிட்டால் மேல்துண்டை நீட்ட வேண்டும். "சித்தி, காத்துக்குக் கடைசித் துண்டை இழுக்காதேன்னு நீங்கதானே சொன்னீங்க" என்று அக்கா மகன் கேட்டான். சரிதான், உறுதி கொஞ்சம் குறையும். ஆனால் லாக் எல்லாம் தண்ணீருக்கு மேலே நிற்கும். மணலும் உப்பும் லாக்குக்குள் போனால் அப்புறம் ஒவ்வொரு தடவை திருகும்போதும் நறநறவென்று அரைக்கும். வீடு திரும்பியதும் கால்களை நல்ல தண்ணீரில் கழுவி, நீட்டிய நிலையிலேயே காயவிடுங்கள். ஈரத்தோடு மடித்து வைக்கக் கூடாது.

சரிவில் இரண்டு கால்கள் இறக்கத்தை நோக்கி, ஒன்று மேட்டை நோக்கி. ஸ்கோப்பை ட்ரைபாட்டிலேயே வைத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு நடப்பவர்கள், கிளம்பும் முன் பிளேட்டின் திருகையும் கவ்வியின் பூட்டையும் கையால் தொட்டுப் பார்த்துவிடுங்கள்.

பெட்டியில் வைக்கும்போது

ஹெட்டைக் கழற்றித் துணிக்குள் சுற்றித் தனியாக வையுங்கள். கால்களுக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் 3/8 அங்குலத் திருகு, சுற்றினால் கழன்றுவிடும். பிடியையும் எடுத்துவிடுங்கள், நீட்டிக்கொண்டிருக்கும் பிடிதான் முதலில் வளையும். காலின் அடியில் கூர்முனை இருந்தால் அதைக் கழற்றி ரப்பர் பாதத்தை மாட்டுங்கள். விமானத்தில் ட்ரைபாட்டைக் கையோடு கொண்டுபோக விடுவார்களா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், அவர்களிடமே முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள். ஸ்கோப் மட்டும் எப்போதும் கைப்பையில்.

கால்கள் மேல்தட்டோடு சேரும் இடத்திலுள்ள போல்ட் பயணக் குலுக்கலில் தளரும். ட்ரைபாட்டோடு வரும் அறுகோணச் சாவியால் அதைப் போய்ச் சேர்ந்த அன்றே இறுக்கிவிடுங்கள். ஒரு காலை வெளியே இழுத்துவிட்டுக் கையெடுத்தால் அது தானாக விழாமல் நிற்கும் அளவுக்கு இறுக்கம் போதும். ஸ்கோப் பையில் மாற்று பிளேட் ஒன்றும் இருக்கட்டும். ஊர் போன இடத்தில் பிளேட் தொலைந்தால், அந்த ஹெட்டுக்குப் பொருந்துவது உடனே கிடைப்பது கஷ்டம்.